லாக்ஸ்டன்: ஒரு சின்ன ஆங்கிலக் கிராமத்தை ஆள்வது யார்?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்ஹாம்ஷயர் என்ற கவுன்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு பகுதி, இருக்கிறது. அங்கே ஷெர்வுட் காட்டுப் பகுதிக்குக் கிழக்கே போனால் லாக்ஸ்டன் என்ற கிராமம் வரும். ஒரு பழைய தேவாலயம், டவ்கோட் என்ற பெயரில் ஒரு மதுவிடுதி, தெருவின் இருபுறமும் செங்கல் பண்ணைவீடுகள், சில நூறு மக்கள். ஊர் அவ்வளவுதான்.

இந்த ஊரில் சாலையில் பள்ளம் விழுந்தால் கவுன்டி கவுன்சிலிடம் சொல்ல வேண்டும். குப்பை வண்டி வராவிட்டால், கவுன்டிக்குள் ஒரு பகுதியைக் கவனிக்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம் சொல்ல வேண்டும். ஊர்ப் பொது இருக்கை உடைந்து கிடந்தால் ஊர் அளவிலான பாரிஷ் கவுன்சில். பக்கத்து நிலத்துக்காரர் உழும்போது கலப்பையைப் பொதுப்புல்லுக்குள் விட்டுவிட்டால், இந்த மூன்றில் எவரிடமும் போக வேண்டியதில்லை. அதற்கென்று அந்த ஊரிலேயே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி, ஆண்டுக்கு ஒரு முறை, டவ்கோட் விடுதியில் கூடித் தீர்ப்புச் சொல்கிறது. இடைக்காலத்தில் இங்கிலாந்தின் பல ஊர்களில் இருந்த ஏற்பாடு இது. நிலத்தை ஆளும் அதிகாரத்தோடு இன்றும் நடப்பது லாக்ஸ்டனில்தான்.

ஆங்கிலக் கிராமங்களின் ஆட்சிமுறை வெளியாருக்குக் குழப்பமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. யாரும் உட்கார்ந்து ஒரே நாளில் வரைந்த திட்டமல்ல அது. பழையதை முழுதாக இடிக்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே ஊரில் பார்க்க லாக்ஸ்டனைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நிலத்திலிருந்தே தொடங்குகிறேன், இந்த ஊரின் நீதிமன்றம் நிலத்திலிருந்து பிறந்தது.

லாக்ஸ்டனைச் சுற்றி மூன்று பெருவயல்கள் இருக்கின்றன: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். ஒவ்வொன்றும் நீளநீளமான துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் வேலியோ செடிவரிசையோ கிடையாது. ஓர் உழவருக்கு மேற்கு வயலில் சில துண்டுகள், மில் வயலில் சில, தெற்கு வயலில் சில என்று நிலம் சிதறியிருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் கலந்து கிடைப்பது இந்த ஏற்பாட்டின் பலன். ஒருவருக்கே நல்ல நிலம் முழுதும் போய்விடாது.

பயிர் செய்வது மூன்றாண்டுச் சுழற்சியில். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை. இரண்டாவதில் வசந்தத்தில் விதைக்கும் பயிர். மூன்றாவது அந்த ஆண்டு ஓய்வு கொள்ளும். முற்காலத்தில் அதைத் தரிசாக விட்டு ஆடுமாடுகளை மேய்த்தார்கள். இப்போது பெரும்பாலும் புல்லோ கால்நடைத் தீவனமோ வளர்க்கிறார்கள். அடுத்த ஆண்டு வரிசை ஒன்று நகரும். மேற்கு வயலில் எல்லோரும் கோதுமை விதைக்கும்போது ஒருவர் மட்டும் என் துண்டில் வேறு பயிர் வைப்பேன் என்று நிற்க முடியாது. வேலியில்லாத வயலில் ஒருவரின் முடிவு எல்லோரையும் தொட்டுவிடும்.

வயல்களின் ஊடே, உழுவதற்குத் தோதுப்படாத ஈரப் பள்ளங்களிலும் சரிவுகளிலும், புல்வெளிப் பட்டைகள் ஓடுகின்றன. இவற்றை ‘சைக்’ என்கிறார்கள். கலப்பை படாத மண் என்பதால் காட்டுப்பூக்களும் பழைய புல்வகைகளும் அங்கே தழைத்திருக்கின்றன; அரசு அவற்றை அறிவியல் முக்கியத்துவமுள்ள இடங்களாகப் பாதுகாக்கிறது. சைக்குகளின் புல் ஆண்டுதோறும் கோடையில் ஏலம் போகிறது.

ஊரின் அமைப்பிலும் இந்த நிலமுறை பதிந்திருக்கிறது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் பண்ணைவீடு என்றால் வயல்களின் நடுவே தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் பண்ணைவீடுகள் பலவும் ஊர்த்தெருவிலேயே வரிசையாக இருக்கின்றன. பல வீடுகள் தெருவைப் பார்த்து முகம் காட்டாமல், பக்கச்சுவரைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு உள்நோக்கி நீள்கின்றன. பின்னால் தானியக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், அதற்கும் பின்னால் குறுகலான நீண்ட தோட்டம். நிலம் நாலாபக்கமும் சிதறியிருப்பவருக்கு ஊர் நடுவில் குடியிருப்பதே வசதி. அப்படி எல்லோரும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். வயலில் அடுத்தடுத்து உழுதார்கள். சண்டைக்கும் வாய்ப்பு அதிகம், சமாதானத்துக்கும் அவசியம் அதிகம்.

இந்த இடத்தில்தான் நீதிமன்றம் வருகிறது. அதன் பெயர் கோர்ட் லீட். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நிலப்பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியை ‘மேனர்’ என்பார்கள். சிறு குற்றங்கள், அளவை மோசடி, வாய்க்காலை அடைத்தல், எல்லை மீறல் போன்றவற்றை மேனரின் மக்களே கூடி விசாரித்த அமைப்புத்தான் கோர்ட் லீட். நிலப்பிரபுவின் பிரதிநிதியான ஸ்டூவர்ட் தலைமை தாங்குவார். ஆனால் யார் தவறு செய்தார், என்ன தண்டம் என்று சொல்வது ஊர் ஜூரி.

லாக்ஸ்டனில் இன்றும் இப்படி நடக்கிறது. நவம்பர் இறுதியில் ‘ஜூரி நாள்’. அப்போது குளிர்காலக் கோதுமை விதைத்து முடிந்திருக்கும். பன்னிரண்டு ஜூரிகளும் டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏறி, மர முளைகளும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போகிறார்கள். பழைய முளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, துண்டுகளின் முனைகளில் நின்று எல்லையைப் பார்க்கிறார்கள். உழவு சைக்கின் புல்லுக்குள் நீண்டிருக்கிறதா? பொதுப்பாதையை அரித்திருக்கிறதா? வாய்க்கால் தூர்வாரப்பட்டிருக்கிறதா? முளை காணாமல் போன இடத்தில் புதிய முளை அடிக்கிறார்கள். குறைகளை எழுதிக்கொண்டு, விடுதிக்குத் திரும்பிச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஒரு வாரம் கழித்து நீதிமன்றம் கூடுகிறது. ஜூரியின் தலைவர் தங்கள் அறிக்கையை ஸ்டூவர்ட்டிடம் கொடுக்கிறார். தவறு செய்தவர்களுக்குச் சில பவுண்டு அபராதம் விதிக்கிறார்கள். மேனரில் நிலம் வைத்திருப்பவர்கள் நீதிமன்றத்துக்கு வரக் கடமைப்பட்டவர்கள். வராதவர்களுக்குப் பெயரளவில் ஒரு சிறு தொகை. அடுத்த ஆண்டு கோதுமை விதைக்கப்போகும் வயலுக்குப் புதிய ஜூரி அங்கேயே பதவியேற்கிறது. சுழற்சிப்படி ஒவ்வொரு வயலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வந்துவிடும். தவறி வந்த ஆடுமாடுகளைப் பிடித்து ஊர்ப்பட்டியில் அடைக்க ‘பிண்டர்’ என்ற பதவியும் இருக்கிறது.

அபராதத் தொகையைப் பார்த்து இதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஜூரியில் இருப்பவர்கள் அந்த நிலத்தை நேரில் அறிந்தவர்கள். இன்றைக்கு நீ என் எல்லையை அளக்கிறாய். நாளைக்கு நான் உன்னுடையதை அளப்பேன். ஒரு சாண் அதிகமாக உழுதால் அதைப் பார்க்கப்போவது தொலைவிலிருக்கும் அதிகாரி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். ஊர் கூடிய இடத்தில் தன் பெயர் வாசிக்கப்படுவதை எந்த உழவரும் விரும்பமாட்டார். லாக்ஸ்டனின் பொதுப்புல்லும் பாதைகளும் நூற்றாண்டுகளாக அழியாமல் இருப்பதற்கு இதையே முதல் காரணமாக நான் கருதுகிறேன். பொதுச்சொத்து என்றாலே ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று சொல்பவர்கள் இந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும். கண்காணிப்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவராகவே இருக்கும்போது கதை வேறாகிவிடுகிறது.

சரி, பிற ஊர்களில் இது ஏன் மறைந்தது? வேலியடைப்பு என்ற பெரும் மாற்றத்தால். சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்து, பொதுநிலத்தையும் பங்குபோட்டு, ஒவ்வொன்றையும் தனியார் வயலாக வேலியடைக்கும் சட்டங்களைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஊர் ஊராக இயற்றியது. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள். சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். விளைச்சல் கூடியது உண்மைதான். ஆனால் பொதுநிலத்தில் ஒரு மாட்டை மேய்த்துப் பிழைத்த ஏழைகள் அந்த உரிமையை இழந்தார்கள். பெருவயல் போனதும் அதைக் கவனிக்கும் ஜூரிக்கும் வேலையில்லாமல் போனது.

லாக்ஸ்டனிலும் வேலியடைப்பு ஓரளவு நடந்தது. முழுதாக நடக்காததற்கு ஊரின் நிலம் ஒரே கையில் இல்லாதது பெரிய காரணம். மான்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்று இரண்டு பெரிய நிலவுடைமையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் உடன்பாடு எட்டவில்லை. அந்த இழுபறியில் பெருவயல்கள் பிழைத்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் பண்ணை துண்டுகளை ஒன்றிணைத்து எண்ணிக்கையைக் குறைத்தது. முறையை மட்டும் விட்டுவைத்தது.

ஊரின் பழைய வரலாறும் வளமானது. 1086-இல் முதலாம் வில்லியம் மன்னன் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே லாக்ஸ்டன் பதிவாகியிருக்கிறது. நார்மானியர் எழுப்பிய மண்கோட்டையின் மேடு ஊரின் வடக்கே இன்றும் நிற்கிறது; ஷெர்வுட் காட்டின் பாதுகாவலர் பதவியைப் பரம்பரையாக வகித்தவர்களின் இருப்பிடம் அது. எனக்கு மிகப் பிடித்த சான்று 1635-ஆம் ஆண்டின் வரைபடம். அப்போது மேனருக்கு உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர். கரீபியத் தீவான பார்படோஸில் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவரும் இவரே. தன் நிலத்தை அளக்க மார்க் பியர்ஸ் என்பவரை அமர்த்தினார். பியர்ஸ் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வரைந்து, எது யாருடையது என்று ஒரு பதிவேடும் எழுதினார். வரைபடத்தின் வயல்களில் குட்டிக்குட்டி மனிதர்கள் ஏர் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். இப்போது அது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் கடல் கடந்து வணிகம் செய்துகொண்டிருந்தார். வயலை ஊர்க்காரர்களே ஒருவரையொருவர் பார்த்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை சொன்னது நிலத்தின் ஆட்சி. ஊர் என்றால் நிலம் மட்டுமில்லையே. ஏழைக்கு யார் சோறு போடுவது, பாலத்தை யார் சரிசெய்வது என்ற கேள்விகளுக்கு வேறொரு அமைப்பு வளர்ந்தது. அது பாரிஷ். முதலில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த மக்கள் வாழும் எல்லைக்குத்தான் அந்தப் பெயர். டியூடர் அரசர்கள் காலத்தில் அரசு தன் வேலைகளை ஒவ்வொன்றாக அதன் தலையில் ஏற்றியது. 1555-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும். சில ஆண்டுகளில் அது ஆறு நாளானது. 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், ஊரில் வரி வசூலித்து ஊர் ஏழைகளைக் காக்கும் பொறுப்பைப் பாரிஷ் மேற்பார்வையாளர்களிடம் கொடுத்தது.

இவற்றை நடத்தியது ‘வெஸ்ட்ரி’ என்ற கூட்டம். தேவாலயத்தில் குருவின் அங்கிகள் வைக்கும் அறையில் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. வரி கட்டுபவர்கள் வரலாம், பேசலாம். ஆனால் 1818-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொத்து அதிகமுள்ளவருக்கு ஆறு வாக்கு வரை கொடுத்தது. கூலிவேலை செய்பவர் வாய் திறக்கவே தயங்கும் சபையாக அது ஆகிவிட்டது. 1834-இல் வந்த புதிய ஏழைகள் சட்டம், பல பாரிஷ்களைச் சேர்த்து ஒன்றியங்களாக்கி, ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஊரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

திருப்பம் 1894-இல். அந்த ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேவாலயத்தையும் ஊர் நிர்வாகத்தையும் பிரித்தது. பாரிஷ் கவுன்சில் என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட சபை பிறந்தது. முதல் தேர்தல்கள் அந்த டிசம்பரில் நடந்தன. மணமான பெண்கள் உட்படப் பெண்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை கிடைத்தது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தது 1918-இல்தான். அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமத்துப் பெண் தன் ஊரின் சபையில் உட்கார முடிந்தது. இங்கிலாந்தின் ஜனநாயக வரலாற்றைச் சொல்பவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்றைய பாரிஷ் கவுன்சில் அந்தச் சட்டத்தின் வாரிசு. தேவாலயத்தோடு அதற்கு நிர்வாகத் தொடர்பு கிடையாது. லாக்ஸ்டனுக்கும் பக்கத்துச் சிற்றூரான மூர்ஹவுஸுக்கும் சேர்த்து ஒரே கவுன்சில். பொதுவாக இப்படிப்பட்ட சபைகளில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஆனால் சின்ன ஊர்களில் இடங்களுக்கு மேல் யாரும் போட்டியிடாவிட்டால் வாக்குப்பதிவே நடக்காது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாமல் உழைக்கிறார்கள். பகுதிநேர எழுத்தர் ஒருவர் கடிதங்களையும் கணக்கையும் பார்த்துக்கொள்வார். சட்டப்படி ஆண்டுக்கு நான்கு கூட்டமாவது நடத்தியாக வேண்டும். கிராம மண்டபத்தில், மாலையில், யாரும் வந்து உட்காரலாம். இதைத் தவிர, மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் ஊர்க் கூட்டம் ஒன்று நடக்கும். கவுன்சிலுக்கான கூட்டமல்ல அது. வாக்காளர் எல்லோருக்கும் உரியது.

நடைபாதை, பொது இருக்கை, அறிவிப்புப் பலகை, இடுகாடு, ஊர்க்காரர்கள் காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் சிறு தோட்டங்கள், சில ஊர்களில் தெருவிளக்கு என்று அதன் வேலைகள் சிறியவை. அதற்கான பணம் ‘பிரிசெப்ட்’ வழியாக வருகிறது. அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு தேவை என்று பாரிஷ் கவுன்சில் டிஸ்ட்ரிக்டிடம் சொல்லும். டிஸ்ட்ரிக்ட் அந்தத் தொகையை ஊர்க்காரர்களின் கவுன்சில் வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கும். வரிச்சீட்டில் கவுன்டி, டிஸ்ட்ரிக்ட், போலீஸ், தீயணைப்பு, பாரிஷ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கும்.

புதிதாக ஒரு வீடு கட்ட விண்ணப்பம் வந்தால் பாரிஷ் கவுன்சிலின் கருத்தைக் கேட்பார்கள். அனுமதி கொடுப்பதோ மறுப்பதோ டிஸ்ட்ரிக்டின் கையில். ஊரை நன்றாக அறிந்தவர்களுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை மட்டும், தொலைவில் இருப்பவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமை. இந்த ஏற்பாட்டில் எனக்கு முழு நிறைவு இல்லை. ஆனால் சிறு சபைக்கு முழு அதிகாரம் கொடுத்தால் உறவும் பகையும் தீர்மானத்தில் புகுந்துவிடும் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

மேலே இருக்கும் அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இன்றைய கவுன்டி–டிஸ்ட்ரிக்ட் அமைப்பு உருவானது. லாக்ஸ்டனுக்கு டிஸ்ட்ரிக்ட், நியூவார்க்–ஷெர்வுட்: குப்பை, கட்டட அனுமதி, வீட்டுவசதி, வரிவசூல். கவுன்டி, நாட்டிங்ஹாம்ஷயர்: பள்ளி, சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு. 2024 மே மாதம் முதல் இவற்றுக்கும் மேலே, நாட்டிங்ஹாம்ஷயரையும் டார்பிஷயரையும் சேர்த்து, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மேயர் வந்திருக்கிறார். போக்குவரத்து, தொழில் வளர்ச்சி போன்ற பெரிய திட்டங்கள் அவர் பொறுப்பு. அதே ஆண்டு டிசம்பரில், கவுன்டி–டிஸ்ட்ரிக்ட் என்ற இரட்டை அடுக்கை நாடெங்கும் ஒரே அடுக்காக்கப்போவதாக அரசு அறிவித்தது. டிஸ்ட்ரிக்டுக்கு வயது ஐம்பதைச் சற்றுத் தாண்டுகிறது. அதன் வேலைகளைப் புதிதாக வரும் பெரிய கவுன்சில் எடுத்துக்கொள்ளும். பாரிஷ் கவுன்சில்களை ஒழிப்பது அந்தத் திட்டத்தில் இல்லை.

இத்தனை அடுக்குகளுக்கு நடுவே கோர்ட் லீட் எப்படித் தப்பியது? 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த பழைய கோர்ட் லீட்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை நீக்கியது. பல ஊர்களில் அவை இப்போது மரபுக்காகக் கூடுகின்றன. அங்கி அணிந்து ஊர்வலம் போகின்றன. லாக்ஸ்டனுக்கு மட்டும் அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. இங்கே வயல்கள் உயிரோடு இருந்தன. அவற்றை நடத்தும் வேலையை வேறு எந்த நீதிமன்றமும் செய்யவில்லை. அதிகார மோதலுக்கும் இடமில்லை.

நிலவுரிமை பல கை மாறியிருக்கிறது. 1952-இல் மான்வர்ஸ் பிரபு, பெருவயல் முறை தொடர வேண்டும் என்ற நோக்கத்தோடு, தன் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது மன்னர்குடிச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் போனது. 2020-இல் மான்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி பண்ணையிடமே திரும்பி வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் முறை நீடிக்குமா என்ற கவலை எழுவது இயல்பே. நிலம் தனியாருடையது, உழுபவர்கள் குத்தகைதாரர்கள். முறையின் ஆயுள் நிலச்சொந்தக்காரரின் மனநிலையையும் சார்ந்திருக்கிறது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. இன்றைய அறுவடை எந்திரங்கள் பெரியவை; பரந்த ஒரே வயலுக்காக வடிவமைக்கப்பட்டவை. குறுகிய துண்டுகளில் அவற்றைத் திருப்புவதே சிரமம். சிறு பண்ணையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது இங்கிலாந்தில் எங்குமே கடினமாகிவிட்டது. வயதான உழவர் ஒருவர் ஓய்வுபெறும்போது அவருடைய துண்டுகள் ஏற்கெனவே நிலம் வைத்திருக்கும் பெரிய பண்ணையோடு சேர்ந்தால் வரவுசெலவுக்கு அது நல்லதாகத் தெரியும். அப்படிப் பண்ணைகள் குறைந்துகொண்டே போனால், எல்லை பார்க்கப் போகும் பன்னிரண்டு பேரில் அந்த வயலை உழுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? காலியாகும் ஒவ்வொரு பண்ணையையும் புதிய குடும்பத்துக்கு, அந்தக் குடும்பம் தாங்கக்கூடிய குத்தகைக்கு விட வேண்டும். வயல்களையும் சைக்குகளையும் பாதுகாக்க அரசு கொடுக்கும் சூழல் மானியம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இதைச் செய்யும் அதிகாரம் பாரிஷ் கவுன்சிலுக்கும் இல்லை, கோர்ட் லீட்டுக்கும் இல்லை. குத்தகை நிலச்சொந்தக்காரர் கையில், மானியம் லண்டனிலிருக்கும் அரசின் கையில்.